வீட்டுக்குள் வரக்கூடாத இலக்கம்

இஞ்சேரும்,

இன்று ஞாயிறு. பூசைக்குப் போக அலுமாரியைத் திறந்து நீலச் சேலையை எடுத்தால் உம்முடைய துவக்கு எண்ணெய் மணக்கிறது. நீர் போய் ஒரு கோடை முழுதும் கழிந்துவிட்டது. அந்தச் சேலையைத் தோய்த்து, பல்கனியில் வெயிலில் காயப்போட்டு, மடிப்புக்குள் கற்பூர உருண்டை வைத்து, என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். கோவிலில் பக்கத்தில் இருந்த மனுசி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்னக்கா, கீழ கராஜில வேலைக்குச் சேர்ந்திட்டியளோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? செத்துப்போன மனுசன் இன்னும் என் சேலையோடு குடும்பம் நடத்துகிறார் என்றா?

உயிரோடு இருந்தவரைக்கும் உம்மை 'நீங்கள்' என்றுதான் கூப்பிட்டேன். இந்த மடலில் அந்த மரியாதை கிடையாது. உம்மிடம் கேட்டுப் பதில் வராத கேள்வி ஒன்று என்னிடம் மிச்சம் இருந்தது. ஒரு கடை நிறையத் துவக்கும் ரவையும் இருக்க, உமக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒன்றை ஏன் தேடிப்பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தீர்? அதற்குப் பதில் போன கிழமைதான் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் முதலில் திட்டி முடிக்க வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு இத்தாலியக் கடவுச்சீட்டு கிடைத்தால் லண்டனுக்குப் போவார்கள். நீர் துவக்குக் கடைக்குப் போனீர். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காக விடிய விடிய வரிசையில் நின்ற அதே குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில், சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போட்ட கோட்டையும் போட்டுக்கொண்டு, வேட்டை லைசென்சுக்கு நின்றீர். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி ஓடிவந்த சனம் நாங்கள். அதிலும் நான் சும்மா ஓடிவரவில்லை; ஒரு சன்னத்தை இடுப்பெலும்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தவள். யார் சுட்டது என்று தெரியாது. வயலுக்குள்ளால் ஓடும்போது பின்னால் வந்தது. மன்னார் ஆசுப்பத்திரியில், எடுத்தால் கால் போய்விடும், இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பலேர்மோவுக்கு வந்த புதிதில் என்னை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிக்கொண்டு போனது உமக்கு நினைவிருக்கும். வெள்ளைத் தலையோடு ஒரு கிழட்டு டாக்குத்தர். இளமையில் பட்டாளத்தில் இருந்தவராம். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தெருவில் தெரிந்த ஆளைக் கண்டவர் மாதிரி, "செத்தே செஸ்ஸாந்தாதுவே" என்றார். எனக்கு அப்போது இத்தாலி மொழியில் வணக்கம் சொல்ல மட்டும்தான் தெரியும். என்ன சொல்லுகிறார் என்று உம்மைக் கேட்டேன்.

"ஏழு அறுபத்திரண்டு எண்டு சொல்லுறார். சன்னத்தின்ர பருமன் இலக்கம்" என்றீர்.

வீட்டுக்கு வரும்வரைக்கும் பஸ்ஸில் நீர் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகும் அந்த இலக்கம் உம்முடைய வாயில் வந்து நான் கேட்டதில்லை. இவ்வளவும் தெரிந்த மனுசன்தான் பிறகொரு நாள் துவக்கு வாங்கப்போகிறேன் என்று வந்து நின்றார்.

"உமக்கொரு பிரச்சினையும் இல்லைத்தானே?" என்று என்னைக் கேட்டீர்.

"எனக்கென்ன, சுடப்போறது பண்டியைத்தானே" என்றேன். என் முகத்தை நீர் பார்க்கவில்லை. உம்முடைய கண் முழுதும் கடைக்காரன் கொடுத்த புத்தகத்தில் இருந்தது.

இதற்கெல்லாம் மூலகாரணம் என் முதலாளி, படித்தவர் என்ற மரியாதையில் எல்லாரும் 'தொத்தோரே' என்று கூப்பிடுகிற அந்த மனுசர். கால்சாவில் கடல் தெரியும் அவருடைய பெரிய வீட்டைக் கூட்டித் துடைக்கிறவள் நான். நடையில் வரிசையாகத் தொங்கும் பன்றித் தலைகளுக்குத் தூசி தட்டுகிறவளும் நான்தான். நீர் கிழமை நாட்களில் துறைமுகத்தில் சரக்கு ஏற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய ஜீப்பை மலைக்கு ஓட்டினீர். செத்த பன்றியை ஜீப்பில் தூக்கிப் போட்டீர். அவருடைய துவக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் நிற்பதையும் விழுத்துமாம். அவருடைய மனுசி சிஞ்ஞோராவின் தோழிகளுக்கு முன்னால் அவர் அப்படித்தான் சொல்லுவார். உண்மையில் அவர் சுட்ட பன்றிகள் எல்லாம் எங்கள் குசினியில் இருந்து மாடிப்படி வரைக்கும் உள்ள தூரத்தில், சோளம் போட்டுக் கூப்பிட்ட இடத்தில், குனிந்து தின்றுகொண்டு நின்றவை. அதை எனக்குச் சொன்னது நீர்தான். சொல்லிச் சிரித்தீர். சிரித்துவிட்டு, அந்த மனுசர் மாதிரி ஒரு துவக்கு வேண்டும் என்று நித்திரை முழித்தீர்.

உம்முடைய ஆசை எனக்கு விளங்காமல் இல்லை. ஜீப் ஓட்டுகிறவனாக இல்லாமல், பன்றி தூக்குகிறவனாக இல்லாமல், அவர்களோடு சரிக்குச் சரியாக மலையில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். பன்றிகள் பெருகி வயல்களை உழுகின்றன என்று, சுடத் தெரிந்தவர்களைத் தெரிவுசெய்து ஒரு குழு சேர்த்தார்கள். குழுவில் சேர ஒரு பரீட்சை. நூறு மீட்டர் தள்ளி, தேநீர்க் கோப்பைத் தட்டு அளவில் ஒரு வட்டம். சுடுகிற ரவை எல்லாம் அதற்குள் விழவேண்டும். விழுந்தால் நீர் அவர்களில் ஒருவர். விழாவிட்டால் டிரைவர்.

அந்தப் பரீட்சைக்கு ஒரு துவக்கு தெரிவுசெய்ய உமக்கு ஒரு வருசம் போனது. எங்கள் குசினி மேசையில் சாப்பாட்டுக்கு இடம் இல்லாமல் போன வருசம் அது. நான் வெங்காயம் வெட்ட வெட்ட நீர் பாடம் நடத்தினீர். தூரக் குறிக்குச் சுடுகிறவனுக்குப் பாரமான துவக்கு வேண்டுமாம், தடித்த குழல் வேண்டுமாம். சுடும்போது துவக்கு தோளில் உதைக்கிற உதையைப் பாரம் வாங்கிக்கொள்ளும், குறி அசையாது. வேட்டைக்காரனுக்கு இலேசானது வேண்டுமாம். மலை ஏற வேண்டுமே. நீர் இரண்டையும் ஒன்றில் தேடினீர்.

"இஞ்சேரும், ஒரு துவக்கால ரெண்டு வேலையும் பாக்கேலாதோ?"

"ஒரு சட்டியில மீன்குழம்பும் பாயாசமும் வைச்சுத் தரட்டோ?" என்று கேட்டேன்.

நீர் அதையும் யோசித்துப் பார்க்கிற முகத்தோடு இருந்தீர். எனக்கு எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது.

பிறகு ரவைக்கு வந்தீர். முதலில் ஆறரை மில்லிமீட்டர் ஒன்றில் ஆசைப்பட்டீர். ஒடுங்கின நீளமான சன்னம், காற்றை வெட்டிக்கொண்டு போகும், உதையும் குறைவு, சுட்ட இடம் எதுவென்று ஸ்கோப்புக்குள்ளாலேயே பார்க்கலாம் என்று பிள்ளையைப் புகழ்கிற மாதிரிப் புகழ்ந்தீர். தொத்தோரே வாயால் ஒரு ஊது ஊதினார். "அது கடதாசியில் ஓட்டை போட. பன்றிக்கு அல்ல." அடுத்த நாள் அந்த ஆறரை உம்முடைய கதையிலேயே இல்லை. சொந்தப் புத்தி என்று ஒன்று இருந்தால்தானே, ஒருவர் ஊதினால் பறக்காமல் நிற்க.

கடைசியில் எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். முந்நூற்றெட்டு. தொத்தோரேயும் அதைத்தான் சொன்னார், சுடுகளத்தில் பழக்குகிறவரும் அதைத்தான் சொன்னார், கடைக்காரனும் அதைத்தான் சொன்னான். உதை தாங்கலாம், எந்தக் கடையிலும் ரவை கிடைக்கும், குழல் கனகாலம் உழைக்கும், மலையில் பன்றி நிற்கிற தூரத்துக்கு அது தாராளம், கடதாசிக் குறிக்கு அதற்கு மேலும் போகும். சிசிலிக்காரர் மூன்று பேர் ஒரு விசயத்தில் ஒத்துப்போனதை நான் அன்றுதான் கண்டேன். நீரும் ஓம் என்றீர். சனிக்கிழமை கடைக்குப் போய், பின்னேரம் திரும்பி வந்தீர். கொண்டுவந்தது முந்நூறு மாக்னம். ரவையின் கோதுக்குள் அநியாயத்துக்கு வெடிமருந்து. துவக்கோ மலையேறுகிறவனுக்கென்று செய்த இலேசானது. நோஞ்சான் கழுதையில் லொறி எஞ்சின் பூட்டின மாதிரி. எனக்கே விளங்கியது, ஒரு வருசம் படித்த உமக்கு விளங்கவில்லையா?

"எல்லாரும் மற்றதைத்தானே சொன்னவை. ஏன் இதை எடுத்தனீங்கள்?"

"இது நல்லது" என்றீர். அதோடு முகம் கழுவப் போய்விட்டீர்.

பெரிய ஆளாகக் காட்ட வாங்கியிருக்கிறீர் என்றுதான் நினைத்தேன். தொத்தோரேயைவிடப் பெரிய ரவை. எங்கள் ஆம்பிளைகளின் புத்தி எனக்குத் தெரியாதா? காரை வாங்கினால் கண்ணாடியைக் கறுப்பாக்குவார்கள், ரிவியை வாங்கினால் சுவரை மறைக்கிற அளவில் வாங்குவார்கள். இதுவும் அப்படி ஒன்று என்று முடிவுகட்டினேன். அன்றிலிருந்து உம்மை ஒரு சொட்டும் மதிக்கவில்லை. அதை நான் மறைக்கவும் இல்லை.

சுடுகளத்தால் வந்த முதல் நாளே உம்முடைய வலத் தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் இரவில் தைலம் பூசினேன். "ஆறுமாசப் பிள்ளையும் இதைவிடக் கெட்டித்தனமா விளையாட்டுச் சாமான் தெரிவுசெய்யும்" என்று சொல்லிச் சொல்லிப் பூசினேன். நீர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தீர். "பழகிடும்" என்றீர்.

பழகவில்லை. பரீட்சை அன்று நான் ரோல்சும் கட்லட்டும் செய்துகொண்டு உம்மோடு வந்தேன். அவர்கள் எல்லாரும் என் ரோல்சைத் தின்றார்கள். தின்ற கையைத் துடைக்காமலே தொத்தோரே ஒரு விளையாட்டுச் செய்தார். உம்முடைய துவக்கை வாங்கி, எல்லாம் சரியா பார்க்கிறேன் என்று சொல்லி, மருந்தில்லாத பொய் ரவை ஒன்றை உள்ளே வைத்துத் தந்தார். உமக்குத் தெரியாது. நீர் படுத்தீர், குறி பார்த்தீர், மூச்சைப் பிடித்தீர், விசையை இழுத்தீர். வெடிக்கவில்லை. ஆனால் வராத உதைக்குப் பயந்து உம்முடைய தோள் துள்ளியது, குழல் நிலத்தைப் பார்த்துக் குனிந்தது. கண் இரண்டும் இறுக்கி மூடிக்கிடந்தன. அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த மூடின கண்ணை நான் பக்கத்தில் நின்று கண்டேன். எனக்கு அந்த மனுசன்களின் வாயில் இருந்த கட்லட்டைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. உம்மையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. பிறகு உண்மையான ரவையோடு நடந்த பரீட்சையில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே தேவையில்லை. தட்டளவு வட்டத்துக்கு வெளியில்தான் எல்லாம் போனது.

திரும்பி வரும்போது ஜீப்பை ஓட்டியது நீர்தான். பின் ஆசனத்தில் தொத்தோரே நித்திரை கொண்டார்.

அதற்குப் பிறகு நீர் அதைச் சுடவே இல்லை. சுவரில் பூட்டின இரும்புப் பெட்டிக்குள் இருந்து ஞாயிறு பின்னேரங்களில் வெளியே எடுப்பீர், துடைப்பீர், எண்ணெய் போடுவீர், திரும்ப வைப்பீர். பக்கத்தில் என் சேலை அலுமாரி. ஒருநாள் பொறுக்க முடியாமல், "வித்துத் துலையுங்கோவன்" என்றேன். "இருக்கட்டும்" என்றீர். மன்னார் ஆசுப்பத்திரியில் என் சன்னத்துக்குச் சொன்ன அதே சொல். பிறகு இந்த வசந்தத்தில், நாப்போலிக் கப்பலுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு நின்ற நீர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்தீராம். எழும்பவில்லை.

அடக்கத்துக்குத் தொத்தோரே கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, சவப்பெட்டி இன்னும் மூடவில்லை, "அந்த முந்நூறை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே, நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதோடேயே அவரை அருவருத்தேன். இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

லைசென்ஸ் இல்லாதவள் துவக்கு வைத்திருக்க முடியாது என்று குவெஸ்தூராவில் சொல்லிவிட்டார்கள். ஒன்றில் லைசென்ஸ் உள்ளவருக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் உடைப்பதற்கு அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். போன கிழமை துவக்குக் கடைக்காரன் வீட்டுக்கு வந்தான். தொத்தோரேயின் பெயருக்கு மாற்றுகிற பத்திரத்தைக் கொண்டுவந்து, நீர் பாடம் நடத்தின அதே மேசையில் விரித்தான். கோப்பி கொடுத்தேன். பேனையைத் தந்தான். கையெழுத்து வைக்கப் போனவள் நின்று, அந்தக் கேள்வியைக் கேட்டேன். "எல்லாரும் முந்நூற்றெட்டு என்றுதானே சொன்னீர்கள். அவர் ஏன் இதை எடுத்தார்?"

அவன் சிரித்தான். "உன் புருசனா? நல்ல மனுசன், ஆனால் மூடநம்பிக்கைக்காரன். முந்நூற்றெட்டு ரவைப் பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் அச்சடித்திருந்த இலக்கத்தை வாசித்தார். கையைச் சுட்டுவிட்டது போல மேசையில் வைத்தார். இந்த இலக்கம் என் வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். எங்கள் ஆட்களில் சிலருக்குப் பதினேழு ஆகாது. உன் புருசனுக்கு ஏழு அறுபத்திரண்டு ஆகாது."

பேனை என் கையில் இருந்தது. அதை மூடி மேசையில் வைத்தேன்.

அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவனுடைய கார்ச் சாவியில் அலங்காரத்துக்கு ஒரு மருந்தில்லாத ரவை தொங்கியது. அதைக் கழற்றி மேசையில் நிறுத்தினான். அதுதான் முந்நூற்றெட்டாம். உம்முடைய ரவைப் பெட்டிக்குள் இருந்து மாக்னம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினான். உம்முடையதன் கோது உயரம், பருமன். ஆனால் நுனியில் இருந்த சன்னங்களைப் பாரும். இரண்டும் ஒரே பருமன். ஒரே செம்பு நிறம். "இதில் என்ன வேடிக்கை தெரியுமா, சிஞ்ஞோரா? சன்னம் ஒன்றேதான். இதுவும் ஏழு அறுபத்திரண்டுதான். பின்னால் மருந்து மட்டும் கூட. பெட்டியில் அந்த இலக்கத்தை அச்சடிப்பதில்லை, அவ்வளவுதான்."

"அதை ஏன் அவருக்குச் சொல்லவில்லை?"

தோளைக் குலுக்கினான். "அவர் கேட்கவில்லையே. சந்தோசமாக வாங்கிக்கொண்டு போனார்."

அந்தச் சிரித்த முகத்தில் கோப்பியை ஊற்றாமல் விட்டது என் வளர்ப்பு. பத்திரத்தை நான்காக மடித்து அவன் கையில் கொடுத்தேன். "தொத்தோரேயிடம் சொல். இது அவருக்கு இல்லை. ஒருவருக்கும் இல்லை. உடைக்கக் கொடுக்கப்போகிறேன்" என்றேன். இவ்வளவு நல்ல துவக்கு, பாவம் என்றான். பாவத்தைப் பற்றி அவன் எனக்குச் சொல்லித் தருகிறான். கதவைத் திறந்து விட்டேன். படியில் இறங்கும்வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டு போனான்.

பிறகு குசினிக் கதிரையில் இருந்து உம்மை வாய்விட்டுத் திட்டினேன். மடையன். ஒரு வருசம் படித்த மடையன். மேல்வீட்டுக்காரர் கேட்டாலும் பரவாயில்லை என்று கத்தினேன். எனக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால், வேறு இலக்கத்தில் எத்தனை ரவை இருக்கிறது, அந்த ஆறரையையே எடுங்கோ, தொத்தோரே ஊதினால் ஊதட்டும் என்று நானே சொல்லியிருப்பேன். அந்தச் சனிக்கிழமை முகம் கழுவப் போனதுக்குப் பதிலாக என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே.

நீங்கள் சொல்லவில்லை. அந்த இலக்கத்தை என் காதில் போடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டீர்கள். தோளைக் கொடுத்தீர்கள். அத்தனை பேர் சிரிக்க, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தீர்கள். நான் தைலத்தோடு சேர்த்துப் பூசின நக்கலையும் வாங்கிக்கொண்டு இருந்தீர்கள். அந்த இலக்கத்தை வாசலில் அவ்வளவு பாடுபட்டு மறித்தீர்கள். அது வேறு பெயர் போட்டுக்கொண்டு, உங்கள் கையாலேயே உள்ளே வந்தது. உங்களைவிட மோசமான வேட்டைக்காரனை நான் கண்டதில்லை. எனக்காக இப்படி ஒரு பிழையை வேறு ஒருவரும் விடமாட்டார்கள், அதுவும் தெரியும்.

நாளைக்குக் குவெஸ்தூராவில் இருந்து வந்து அதைக் கொண்டுபோவார்கள். இரும்புப் பெட்டி சுவரோடுதான் இருக்கும். கழற்ற ஆள் இல்லை. சேலையில் மணம் போகிறபோது போகட்டும். என்னுடையதைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். அது இடது இடுப்பில் கிடக்கிறது. அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் குத்தும், அது உங்களுக்குத் தெரியும். கட்டிலில் நீங்கள் படுக்கிற பக்கமும் அதுதான். நான் இன்னும் அந்தப் பக்கம் திரும்பித்தான் படுக்கிறேன்.